பார்சல் நம் பையில் இருக்கிறது, தோழர்களே!

கிராம அஞ்சல் ஊழியத் தோழர்களே, தோழியர்களே! வெயிலிலும் மழையிலும் பீட் நடக்கும் தபால்காரர்களே! கிளை அஞ்சலகங்களைத் தனியாளாகத் தாங்கி நிற்கும் போஸ்ட்மாஸ்டர்களே!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றரை மணி. என் பீட்டின் கடைசித் தெரு. வேப்பமர நிழலில் ஒரு பெண்பிள்ளை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை. முகம் வெளிறிப் போயிருந்தது. சைக்கிளை நிறுத்தினேன்.

"அண்ணே, என் புக்கு திரும்பிப் போயிருமா?"

போனை வாங்கிப் பார்த்தேன். நம் துறையின் சிவப்பும் மஞ்சளுமான சின்னம். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. "உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. இரண்டு முறை கொடுக்க முயன்றோம். முகவரி முழுமையாக இல்லை. 48 மணி நேரத்துக்குள் திருத்தாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்." அதன் கீழே ஒரு லிங்க். பிள்ளை லிங்கைத் தொட்டு, பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் நிரப்பி, அடுத்த பக்கத்துக்கே போய்விட்டாள். மறுபடி டெலிவரி செய்ய 25 ரூபாய் கட்டவேண்டுமாம். அப்பாவின் ஏ.டி.எம். கார்டு விரலிடுக்கில். பதினாறு எண்ணில் பன்னிரண்டை அடித்துவிட்டாள். இன்னும் நாலுதான் பாக்கி.

நான் பையைத் திறந்தேன். மேலாகவே இருந்தது அவளுடைய புத்தகப் பார்சல். கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை முகவரியில் ஒரு பிசகும் இல்லை. எடுத்து அவள் கையில் வைத்தேன். கிடங்கில் கிடக்கிறது என்று போன் சொன்ன பார்சல், காலையிலிருந்து என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது!

தோழர்களே, அன்றைக்கு நான் வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் அந்த நாலு எண்ணும் போயிருக்கும். அதன் பின்னால் கார்டின் பின்பக்கத்து மூன்று எண் போயிருக்கும். அதன் பின்னால் ஓ.டி.பி. போயிருக்கும். அவளுடைய அப்பா செங்கல் சூளையில் சம்பாதித்த பணம் போயிருக்கும். பன்னிரண்டாவது எண்ணுக்கும் பதினாறாவது எண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் போய் நிற்கவேண்டும். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு அப்படி நிற்கக்கூடிய ஆள் இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்? நாம் இருக்கிறோம். அதைச் சொல்லத்தான் இந்த அறைகூவல்.

திருடப்படுவது நம் பெயர்

அந்தப் பிள்ளை பார்சலுக்குக் காத்திருப்பது மோசடிக்காரர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் அம்மா என்னிடம் கேட்டார். தெரியாது, அம்மா. அவர்கள் லட்சக்கணக்கான எண்களுக்கு ஒரே செய்தியைக் கொட்டுகிறார்கள். இன்றைக்கு எந்த ஊரில், எந்தத் தெருவில் யாரும் பார்சலுக்குக் காத்திருக்கவில்லை? கடலில் வலை வீசுகிறவன் மீனின் பெயரைக் கேட்டுக்கொண்டா வீசுகிறான்?

ஆனால் அந்த வலைக்கு அவர்கள் எடுத்த நூல் நம்முடையது. 2024 ஜனவரியிலிருந்து ஜூலைக்குள் மட்டும் நம் துறையின் இணைய முகவரியைப் போலவே தோன்றும் 470-க்கும் மேற்பட்ட போலி முகவரிகள் பதிவு செய்யப்பட்டதாக ஃபோர்டிகார்ட் என்ற இணையப் பாதுகாப்பு ஆய்வகம் கண்டுபிடித்துச் சொன்னது. 25 ரூபாய்ச் சில்லறையை 'மறு டெலிவரிக் கட்டணம்' என்று கேட்டுக் கார்டு விவரத்தைக் கறக்கிற அதே தந்திரத்தைத்தான் அந்த ஆய்வகமும் விவரித்தது. முகவரியைத் திருத்தச் சொல்லி இப்படி ஒரு செய்தியை அஞ்சல் துறை அனுப்புவதில்லை என்று ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் பலமுறை அறிவித்துவிட்டது. அறிவிப்பு டில்லியில் இருக்கிறது. செய்தி நம் தெருவில் இருக்கிறது.

நம் பெயரை ஏன் எடுத்தார்கள்? அதற்கு மதிப்பு இருப்பதால் எடுத்தார்கள். 1854-இல் தொடங்கிய துறை இது. 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது. இன்றைக்கு 1,64,000-க்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள். அவற்றில் பெரும்பாலானவை கிராமங்களில். ஊரடங்கில் பஸ் ஓடவில்லை, வங்கிக்குப் போக வழியில்லை. அப்போது கைரேகைக் கருவியோடு வாசலுக்குப் போய்ப் பணம் எடுத்துக் கொடுத்தோம். மணியார்டரை எண்ணிக் கொடுத்துவிட்டு, "இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க பாட்டி" என்று நின்றோம். பையன் வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு, அதில் இருந்த சங்கதியை அடுத்த வீட்டில் மூச்சு விடாமல் கடந்துபோனோம். இப்படிக் காலால் நடந்து, வாயைக் கட்டி, கையால் எண்ணிச் சேர்த்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையைத்தான் ஒருவன் திருடி, நம் மக்களின் கழுத்துக்கே கயிறாகத் திரிக்கிறான். தோழர்களே, இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

நானே கொண்டுபோய்க் கொடுத்த கவர்

சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

2016. எங்கள் பக்கத்து ஊரில் பீடி சுற்றும் ஒரு அக்கா. அவருக்கு ஒரு நீளக் கவர் வந்தது, ரிஜிஸ்டர் தபால். கையெழுத்து வாங்கினேன். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். "நீங்களே பிரிச்சு வாசிங்க தம்பி" என்றார். வழவழப்பான காகிதம். ஒரு பெரிய கம்பெனியின் ஆண்டு விழாப் பரிசாம். உள்ளே ஒரு சுரண்டல் அட்டை. மடியில் இருந்த பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த ஒரு ரூபாய்க் காசை எடுத்தார். விரலெல்லாம் புகையிலைத் தூள். நான் பக்கத்தில் நின்று பார்க்க, அவர் சுரண்டினார். பன்னிரண்டு லட்ச ரூபாய்க் கார் என்று விழுந்தது.

"நெசமாவா தம்பி?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதிர்ஷ்டந்தான் அக்கா" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தக் காகிதத்தில் இருந்த நம்பருக்கு அவர் பேசியிருக்கிறார். பதிவுக் கட்டணம் என்று முதலில் கொஞ்சம். அப்புறம் வரி. அப்புறம் வண்டியைக் கொண்டுவரும் லாரி வாடகை. அப்புறம் 'ஃபைல்' நகர ஒரு தொகை. நாலு தடவையாக 41,500 ரூபாய். கம்மல் அடகுக்குப் போனது. மகளிர் குழுக் கடன் போனது. எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். "ஏன் அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "நீங்க கொண்டுவந்து குடுத்ததுதான தம்பி. கவர்மெண்டு காயிதம்னு நெனச்சேன்."

அந்தச் சொல் இன்றைக்கும் என் நெஞ்சில் ஆணியாக இருக்கிறது. அந்தக் கவரைத் தடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது, உண்மை. ஆனால் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இருந்தது. "அக்கா, இது ஏமாத்து வேலையா இருக்கலாம், ஒரு பைசா கட்டாதீங்க" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியை நான் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுங்கள்.

வலையின் நாலு முடிச்சு

கவர் போய் எஸ்.எம்.எஸ். வந்தது, எஸ்.எம்.எஸ்.ஸோடு வாட்ஸ்அப்பும் வந்தது. வேஷம் மாறுகிறது, முடிச்சு மாறவில்லை. எந்தச் செய்தியிலும் நாலு முடிச்சைத் தேடுங்கள். மக்களுக்கும் இதையே சொல்லிக் கொடுங்கள்.

முதல் முடிச்சு, நம்பிய பெயர். தபால் துறை, வங்கி, மின்வாரியம், டி.வி. நிகழ்ச்சி. பெயரைப் பார்த்ததும் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

இரண்டாவது, கெடு. 48 மணி நேரம், 24 மணி நேரம், இன்றே கடைசி. யோசிக்கவும் பக்கத்து வீட்டில் கேட்கவும் விடாமல் விரட்டுவதற்கே அந்தக் கெடு. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது இதற்கும் பொருந்தும். அவசரப்படுத்துகிறான் என்றால் அதுவே அடையாளம்.

மூன்றாவது, சின்னத் தொகை. 25 ரூபாய்தானே, போனால் போகட்டும் என்று தோன்றும். அவனுக்கு வேண்டியது அந்த 25 ரூபாய் இல்லை. அதைக் கட்டுவதற்காக நாம் அடிக்கும் கார்டு எண். பின்னால் வரும் ஓ.டி.பி. செய்தியை முழுக்கப் படித்தால் எவ்வளவு தொகைக்கு அந்த ஓ.டி.பி. என்று அதிலேயே இருக்கும். 25 என்று நினைத்துக் கொடுக்கிற எண், பல ஆயிரத்துக்கான சாவியாக இருக்கும். ஆனால் யாரும் படிப்பதில்லை. எண்ணை மட்டும் பார்த்து அடித்துவிடுகிறோம்.

நான்காவது, லிங்க். நம் துறையின் முகவரி 'இந்தியாபோஸ்ட் டாட் கவ் டாட் இன்'. போலி முகவரியிலும் இந்தியாபோஸ்ட் என்ற சொல் இருக்கும். அதில் மயங்கக் கூடாது. தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டு, அடுத்த சாய்கோடு வரைக்கும் படித்து, அதற்கு முந்தைய வாலைப் பாருங்கள். 'கவ் டாட் இன்' என்று முடிய வேண்டிய இடத்தில் 'டாப்', 'விஐபி' என்று ஏதாவது தொங்கினால் அது கள்ள வாசல். அனுப்பியவர் யார் என்றும் பாருங்கள். நம் நாட்டில் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ். பதிவு செய்த எழுத்துப் பெயரில் வரும். 2025-லிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு, விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', பணப் பரிமாற்றத்துக்கு 'டி', அரசுக்கு 'ஜி' என்று ஆங்கில எழுத்து வருகிறது. பத்து இலக்கச் சொந்த எண்ணிலிருந்தோ, வெளிநாட்டு எண்ணிலிருந்தோ, யாரென்று தெரியாத மின்னஞ்சலிலிருந்தோ 'தபால் துறை' பேசினால் அது நாம் இல்லை.

பிறகு நாம் யார் என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் நாம் தகவல் சீட்டு வைப்போம். பார்சல் வழக்கமாக ஏழு நாள் அஞ்சலகத்தில் இருக்கும், வந்து வாங்கிக்கொள்ளலாம். பணம் கட்டி வாங்கும் பார்சல் என்றாலும், வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்கவரி உண்டு என்றாலும், பொருளைக் காட்டிக் கணக்கோடு வாங்குவோம். ஸ்பீட் போஸ்ட் எண் பதின்மூன்று இடம் கொண்டது: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் 'ஐஎன்'. அந்த எண்ணைச் சொல்லாமல் "உங்கள் பார்சல்" என்று மட்டும் சொல்லும் செய்தியை நம்பவேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் 1800 266 6868 என்ற நம் துறையின் கட்டணமில்லா எண் இருக்கிறது. அதைவிடக் கிட்டத்தில், தெருமுனையில், நாம் இருக்கிறோம்.

பரிசு என்று வந்தால்

பரிசுச் செய்திக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: நான் எப்போது சீட்டு வாங்கினேன்? வாங்காத சீட்டுக்கு விழும் பரிசு கிடையாது. டி.வி. வினாடி வினா நிகழ்ச்சியின் பெயரில் 25 லட்சம் விழுந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் படமும் குரல் பதிவும் எத்தனையோ ஆண்டாகச் சுற்றுகின்றன. பல, பிளஸ் 92 என்று தொடங்கும் வெளிநாட்டு எண்ணிலிருந்து வருகின்றன. தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரி விற்பனையே தடை. கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாக மட்டும்தான் விற்கிறது. ஆன்லைனில் கேரள லாட்டரி என்று யார் விற்றாலும் அது போலி. தென்காசி, கம்பம், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோழர்கள் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

பரிசு வாங்க முன்பணம் கட்டச் சொல்வதே திருட்டு. பணப் பரிசுக்கு வரி உண்டென்றால் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். ஒரு தனியாளின் யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொல்லும் வரி எந்தச் சட்டத்திலும் இல்லை. "பணம் உங்களுக்கு வரவேண்டும், பின் நம்பரைப் போடுங்கள்" என்பான். யு.பி.ஐ. பின் கொடுப்பதற்கு மட்டுமே. வாங்குவதற்குப் பின் வேண்டியதே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை ஊர் முழுக்கப் பாட்டாகப் பாடினாலும் தகும்.

செய்தியில் சிக்காதவரைப் போனில் பிடிக்க வருவார்கள். "டெலிவரிப் பையன் பேசுறேன், வழி தெரியல, இந்த நம்பரை அடிச்சா நேரா என்கூடப் பேசலாம்" என்று *21* அல்லது *401* என்று தொடங்கும் எண்ணை அடிக்கச் சொன்னால், அடித்தவருடைய அழைப்புகள் எல்லாம் அவனுக்குத் திரும்பிப் போகும், ஓ.டி.பி. சொல்லும் அழைப்பும் அவனுக்கே போகும். அடித்துவிட்டவர்கள் ##002# என்று அடித்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். "நீங்க ஆர்டர் போடலையா? அப்ப ரத்து பண்ண ஓ.டி.பி. சொல்லுங்க" என்று வாசலில் நின்று கேட்பவனுக்கும் சொல்லக் கூடாது, போடாத ஆர்டருக்கு ரத்து எதற்கு? கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வாட்ஸ்அப்பில் வந்தால் தொடவே வேண்டாம். அது போனுக்குள் குடிபுகுந்து எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் படிக்கும். நம் போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் பெயரிலும் "24 மணி நேரத்தில் கணக்கு முடங்கும், பான் எண்ணை இணையுங்கள்" என்று போலிச் செய்தி வருகிறது. அந்தக் கணக்குகளில் பலவற்றை நாமே வாசலில் உட்கார்ந்து திறந்து கொடுத்தோம். அவற்றைக் காப்பதும் நம் கடமை.

முதல் ஒரு மணி நேரம்

ஒருவர் சிக்கிவிட்டார். ஓடிவந்து நம்மிடம் சொல்கிறார். அப்போது நாம் செய்யவேண்டியது என்ன?

"எப்படிங்க ஏமாந்தீங்க?" என்று கேட்கக் கூடாது. உடனே 1930-க்குப் போன் போட வைக்க வேண்டும். இது உள்துறையின் சைபர் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து பத்துக்கு என்று நிமிடக் கணக்கில் தாவும். தாவி முடிவதற்குள் தகவல் போனால் வழியிலேயே முடக்க முடியும். பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: வங்கியின் பெயர், கணக்கு எண், எவ்வளவு தொகை, எத்தனை மணிக்குப் போனது, பரிமாற்ற எண். பதற்றத்தில் கை நடுங்கும் ஆளுக்கு இதையெல்லாம் எடுத்துக் கொடுக்க ஒரு நிதானமான ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்.

அடுத்து, கார்டை, கணக்கை முடக்க வங்கிக்குச் சொல்ல வேண்டும். இதில் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி என்ன சொல்கிறது? வாடிக்கையாளர் கவனக்குறைவால் விவரத்தைக் கொடுத்துவிட்டாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதனால் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் புகார். மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் புகார். வந்த செய்தியையும் லிங்கையும் அழிக்கக் கூடாது, அதுதான் சாட்சி.

பணம் போகவில்லை, செய்தி மட்டும் வந்திருக்கிறது என்றால் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் தெரிவிக்கலாம். இங்கே நாம் தெரிவிக்கும் ஒரு எண், வேறெங்கோ ஒரு பாட்டியைக் காப்பாற்றும். இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று சில நாளில் ஒருவன் வருவான். அவனும் அந்தக் கூட்டத்து ஆள்தான்.

வெட்கத்தை உடைப்போம்

2024-இல் சைபர் மோசடிகள் எல்லாம் சேர்த்து மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! இது புகார் கொடுத்தவர்களின் கணக்கு. அந்தப் பீடி சுற்றும் அக்கா எந்த ஆண்டின் கணக்கிலும் இல்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் ஏசுவார், புருஷன் அடிப்பார், ஊர் சிரிக்கும் என்று வாயை மூடிக்கொண்டார். திருடியவன் நிம்மதியாகத் தூங்கினான். பறிகொடுத்தவர் தூக்கம் இழந்தார்.

தோழர்களே, ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பும் அடுத்தவரின் வாயைப் பூட்டுகிறது. படித்தவர், வாத்தியார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று எல்லாரும் இதில் மாட்டுகிறார்கள். நம் பெட்டிக்கடைப் பேச்சில், டீக்கடை பெஞ்சில், "பேராசை பிடிச்சவங்க" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன பேராசை? காசு கொடுத்து வாங்கிய புத்தகம் தன் கைக்கு வரவேண்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

மறுமுனையில் யார்?

இன்னொரு கொடுமையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மோசடிச் செய்திகளைத் தட்டும் விரல்களில் பல, அடிமைகளின் விரல்கள். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்ன கணக்கு இது: மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி வேலையில் கட்டாயப்படுத்தி அடைக்கப்பட்டிருக்கலாம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் சிறைப்பட்ட நம் தமிழ் இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். மோசடி செய்ய மறுத்தவர்களுக்கு அடியும் மின்சார அதிர்ச்சியும் கிடைத்தன.

அந்த இளைஞர்களின் பாஸ்போர்ட்டை யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்? ஸ்பீட் போஸ்டில் நாம்தான் கொடுக்கிறோம்! கையெழுத்து வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த நாடு தம்பி? ஏஜென்ட் அரசாங்கத்துல பதிஞ்ச ஆளா?" வெளியுறவுத் துறையின் 'ஈ-மைக்ரேட்' தளத்தில் பதிவான ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது, பார்க்கச் சொல்லுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொல்பவன் குழியில் தள்ளுகிறான். ஒரு பாஸ்போர்ட்டோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுத்தால், இங்கே ஏமாறுபவரையும் அங்கே ஏமாற்ற வைக்கப்படுபவரையும் ஒன்றாகக் காப்பாற்றுகிறோம்.

நாளைக் காலை முதல்

நாளைக் காலை பை பிரிக்கும்போதே தொடங்குவோம்.

ஒவ்வொரு கிளை அஞ்சலகச் சுவரிலும், முத்திரை குத்தும் மேசைக்கு மேலே, பெரிய எழுத்தில் 1930 என்று எழுதுங்கள். அச்சடித்த போஸ்டர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கரிக்கட்டையும் சுண்ணாம்பும் போதும்.

ஒவ்வொரு நாளும் பத்து வீட்டில், தபாலைக் கொடுக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "பார்சல்னு மெசேஜ் வந்தா லிங்கைத் தொடாதீங்க, என்னைக் கேளுங்க." நாளைக்குப் பத்து வீடு என்றால் மாதத்தில் ஒரு சிற்றூர் முழுக்க முடிந்துவிடும்.

முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர்களிடமும் நூறு நாள் வேலைக் கூலி எடுக்கிறவர்களிடமும் கூடுதலாக ஒரு நிமிடம் நில்லுங்கள். பெரும்பாலும் அந்த வீட்டுப் போன் பேரப்பிள்ளையின் கையில் இருக்கும். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு நாலு முடிச்சையும் சொல்லிக் கொடுங்கள். வீட்டுக்கு ஒரு காவலாள் கிடைப்பான்.

மகளிர் குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, கிராம சபை என்று நாலு பேர் கூடும் இடத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசுங்கள். சுரண்டல் அட்டைக் கவரைக் கொடுக்க நேர்ந்தால், கொடுக்கும் கையோடு எச்சரித்து, கவர் வந்த விவரத்தை எழுத்தில் மேலதிகாரிக்குத் தெரிவியுங்கள்.

தீபாவளி நெருங்க நெருங்கப் பார்சலும் பெருகும், போனஸும் வரும், வலையும் விரியும். அக்டோபர் 9 உலக அஞ்சல் நாள். அந்த நாளில் ஒவ்வொரு கிளையிலும் ஊர் மக்கள் முன்னால் நின்று இதை உறுதிமொழியாக எடுப்போம். அதற்கு முன்னால் ஒரு வீடும் விடுபட்டிருக்கக் கூடாது.

துறையிடம் நம் கோரிக்கையையும் இப்போதே வைக்கிறோம். மக்களுக்கு அனுப்பும் டெலிவரிச் செய்திகள் தமிழிலும் வரவேண்டும். "இந்தத் துறை லிங்க் அனுப்பிப் பணம் கேட்காது" என்ற வரி ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். சந்தேகக் கவர்கள் மொத்தமாகப் புக்கிங் ஆகும் இடத்திலேயே விசாரிக்க வழி வேண்டும். நமக்கு நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று கணக்குப் போட்டுத்தான் படி தருகிறார்கள். மக்களைக் காக்கும் இந்த நேரமும் அந்தக் கணக்கில் வேலை நேரமாக ஏறவேண்டும். இதற்காகச் சங்கம் போராடும். ஆனால் அதுவரை மக்களைக் காக்க வைக்க மாட்டோம்.

தோழர்களே! அந்தப் பிள்ளை மறுநாள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். கூடவே நாலு தோழிகள். நாலு பேர் போனிலும் அதே செய்தி. "எங்க அண்ணன்கிட்ட கேட்டுட்டுத் தொடுங்கன்னு நான்தான் நிறுத்தி வச்சேன்" என்றாள். நேற்றுவரை வலையில் இருந்தவள் இன்றைக்கு வலையை அறுக்க வந்துவிட்டாள். ஒரு வார்த்தை ஒரே நாளில் நாலு வீட்டைக் காத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்களும் பேசத் தொடங்கினால் எந்தக் கூட்டம் தாங்கும்?

நேரம் பார்க்காதீர்கள். உத்தரவுக்குக் காத்திருக்காதீர்கள். நாளைக் காலையில் பையைத் தோளில் மாட்டும்போது தபாலோடு அந்த ஒரு வார்த்தையையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாசலில் அதைச் சொல்லுங்கள்.

பார்சல் நம் பையில் வரும், லிங்கில் வராது!
பறிபோன பெயரை மீட்போம்! நம் மக்களின் பணத்தைக் காப்போம்!
புறப்படுங்கள், தோழர்களே!